கென்யா இளைஞர்கள் தெருவுக்கு வந்தது வரிக்காக மட்டும்தானா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 ஜூன் 25 அன்று நைரோபியில் நாடாளுமன்ற வளாகத்துக்குள் இளைஞர்கள் புகுந்ததும், கட்டடத்தின் ஒரு பகுதி எரிந்ததும் உலகம் முழுக்க டிவியில் ஓடின. "வரி உயர்வை எதிர்த்துக் கலவரம்" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டார்கள். ஆப்பிரிக்கா பற்றி நமக்கு வந்து சேர்வது பெரும்பாலும் இந்த அளவுதான். இன்னும் கொஞ்சம் தெரிந்துகொள்ள நினைப்பவர்களுக்காக இந்தப் பக்கம். முக்கியமாகக் கென்யாவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 54 நாடுகளை ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

அதிபர் வில்லியம் ரூட்டோவின் அரசு 2024-இல் ஒரு நிதி மசோதா கொண்டுவந்தது. கூடுதலாக 34,600 கோடி ஷில்லிங், அதாவது அன்றைய மதிப்பில் சுமார் 270 கோடி டாலர், வரியாகத் திரட்ட வேண்டும் என்பது கணக்கு. ஜூன் 18-இல் நைரோபியில் தொடங்கிய எதிர்ப்பு இரண்டே நாளில் நாடு முழுக்கப் பரவியது. 25-ஆம் தேதி 195-க்கு 106 என்ற வாக்குகளில் மசோதா நிறைவேறியது. அன்றைக்கே கூட்டம் உள்ளே புகுந்தது, போலீஸ் சுட்டது. மறுநாள் ரூட்டோ கையெழுத்துப் போட மாட்டேன் என்று பின்வாங்கினார். ஜூலை 11-இல் கிட்டத்தட்ட மொத்த அமைச்சரவையையும் கலைத்தார்.

மசோதாவில் அப்படி என்னதான் இருந்தது?

ரொட்டிக்கு 16 சதவீத வாட். சமையல் எண்ணெய்க்கு 25 சதவீதக் கலால் வரி. கார் வைத்திருப்பவர்களுக்கு வருஷா வருஷம் வண்டி மதிப்பில் 2.5 சதவீதம். சானிட்டரி நாப்கின், குழந்தைகளின் டயப்பர் வரை தொடக்கூடிய ஒரு சுற்றுச்சூழல் தீர்வை. 65 ஷில்லிங் அளவில் விற்றுக்கொண்டிருந்த 400 கிராம் ரொட்டிக்கு இன்னொரு 10 ஷில்லிங் என்றால், காலையில் டீயும் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு வேலை தேடிக் கிளம்புகிறவருக்கு அது சின்னத் தொகை இல்லை.

எனக்கு இதில் ரொட்டியைவிட எம்-பெசா விஷயம்தான் முக்கியமாகப் படுகிறது. கென்யாவில் 2007-இலிருந்து எம்-பெசா என்ற சேவையில் கைப்பேசி வழியாகப் பணம் அனுப்புகிறார்கள். ஊரில் இருக்கும் அம்மாவுக்குக் காசு, காய்கறிக் கடை, மடாட்டு என்கிற மினி பஸ் டிக்கெட் எல்லாமே அதில்தான். ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் ஒரு கட்டணம், அந்தக் கட்டணத்தின் மேல் 15 சதவீத வரி. அதை 20 ஆக்கப் பார்த்தார்கள். நம் யுபிஐ பழக்கத்தில் இருப்பவர்களுக்கு இது எப்படி வலிக்கும் என்று சட்டென்று புரியாது, ஏனென்றால் நமக்கு அனுப்பும் கட்டணமே கிடையாது. பெரிய தொகையை ஒரே தடவையில் அனுப்புகிறவருக்கு இது பொருட்டே இல்லை. நூறும் இருநூறுமாகத் தினம் அனுப்புகிறவருக்குத்தான் கட்டணமும் அதன் மேல் வரியும் சேர்ந்துகொண்டே போகும்.

எதிர்ப்பு கிளம்பியதும் ரொட்டி, கார், எம்-பெசா வரிகளை அரசு வாபஸ் வாங்கியது. அப்போதும் கூட்டம் கலையவில்லை. அப்படியானால் கோபம் ரொட்டியோடு முடிகிற கோபம் இல்லை என்று ஆகிறது அல்லவா?

வரி எல்லா நாட்டிலும்தான் ஏறுகிறது. இதில் காலனியம் எங்கிருந்து வந்தது?

கென்யாவில் வரி என்ற ஏற்பாடே எதற்காக வந்தது என்று பார்த்தால் விஷயம் புரியும். 1900-களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ்காரர்கள் குடிசை வரி போட்டார்கள். குடிசைக்கு இவ்வளவு என்று கணக்கு. இரண்டு மனைவிகள், இரண்டு குடிசைகள் என்றால் இரண்டு வரி. வரியைக் குறைக்க ஒரே குடிசையில் பலரும் நெருக்கியடித்துக் குடியிருந்த குடும்பங்கள் உண்டு. வரியைப் பணமாகத்தான் கட்ட வேண்டும். பணத்துக்கு எங்கே போவது? நல்ல விலை கிடைக்கும் காப்பியைக் கறுப்பினத்தவர் பயிரிடுவதை 1950-கள் வரை கட்டுப்படுத்தி வைத்திருந்தார்கள். மிச்சம் இருந்த வழி, வெள்ளைக்காரரின் தோட்டத்தில் கூலிக்குப் போவது ஒன்றுதான். ஆட்களைக் கூலி வேலைக்குத் துரத்த வரியைத் தவிர வேறு வழியில்லை என்று அன்றைய ஆளுநர் பெல்ஃபீல்டு 1913-இல் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரிக்காகத் தொடங்கிய வரி இல்லை இது. ஆட்களைப் பிடிக்கத் தொடங்கியது.

கூலிக்கு வந்தவர் ஓடிவிடக் கூடாதே, அதற்கு 1919-20 வாக்கில் கிபாண்டே வந்தது. கைரேகை, கூலி, முதலாளியின் குறிப்பு எல்லாம் எழுதிய ஒரு தாள், அதை வைக்க ஒரு உலோகக் கூடு, கழுத்தில் தொங்கவிட ஒரு கயிறு. வேலையை விட்டு நிற்க வேண்டுமென்றால் முதலாளி அதில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாமல் போனால் குற்றம், கழுத்தில் இல்லாமல் நடமாடினாலும் குற்றம்.

கீழே இருப்பவரிடம் வசூலிப்பது, மேலே இருப்பவருக்குக் கணக்குக் காட்டுவது. அரசு என்றால் இதுதான் என்று அங்கே அச்சு வார்த்தது அப்போது. 1963-இல் சுதந்திரம் வந்த பிறகு நாற்காலியில் ஆள் மாறினார், அந்த அச்சு மாறவில்லை. இளைஞர்கள் சொல்வதை என் வார்த்தையில் சொன்னால் இவ்வளவுதான்.

இதற்கு முன்னால் இளைஞர்கள் போராடியதே இல்லையா?

1922-ஐப் பாருங்கள். ஹாரி துகு என்ற இளைஞர், அரசாங்கக் கருவூலத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர், முந்தைய ஆண்டுதான் இளம் கிகூயு சங்கம் என்று ஒன்றைத் தொடங்கியிருந்தார். பெயரிலேயே 'இளம்' என்று இருக்கிறது. தோட்ட முதலாளிகள் கூலியை மூன்றில் ஒரு பங்கு வெட்டியது, குடிசை வரி 16 ஷில்லிங்குக்கு ஏறியது, கிபாண்டே, இவைதான் அவருடைய பிரச்சினைகள். மார்ச் மாதம் அவரைக் கைது செய்தார்கள். போலீஸ் நிலையத்துக்கு முன்னால் கூட்டம் கூடியது. ஆண்கள் பேச்சுவார்த்தை நடத்திவிட்டுக் கலையத் தொடங்கியபோது மேரி முத்தோனி ஞாஞ்சிரு என்ற பெண் முன்னால் வந்து அவர்களைச் சாடினார், கூட்டம் மறுபடி நெருங்கியது, துப்பாக்கிச் சூடு நடந்தது. பக்கத்து ஹோட்டல் வராந்தாவில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரர்களும் சேர்ந்து சுட்டதாகச் சொல்லப்படுகிறது. அரசுக் கணக்கில் 21 பேர் செத்தார்கள், மக்கள் சொல்லும் எண்ணிக்கை அதைவிட அதிகம். இறந்தவர்களில் ஞாஞ்சிருவும் ஒருவர். அதன் பிறகு வரி 12 ஷில்லிங்காகக் குறைந்தது.

வரி, கைது, கூட்டம், துப்பாக்கிச் சூடு, கடைசியில் வரியில் பின்வாங்கல். 102 வருஷம் கழித்து அதே நைரோபியில், நடந்து போகிற தூரத்தில் இன்னொரு முறை.

வெள்ளைக்காரன் போய் 60 வருஷம் ஆயிற்று. இன்னும் அவனையே குறை சொல்வது நியாயமா?

இந்தக் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. அங்குள்ள இளைஞர்கள் திட்டுவதே முதலில் தங்கள் ஊர் அரசியல்வாதிகளைத்தான். ஆனால் நிலத்தின் கதையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

வெள்ளையர் மேட்டுநிலம் என்று ஏறத்தாழ 70 லட்சம் ஏக்கரை, நாட்டிலேயே நல்ல மண்ணை, ஐரோப்பியருக்கு மட்டும் என்று ஒதுக்கியிருந்தார்கள். சுதந்திரம் வரப்போகிறது என்று தெரிந்ததும் 1962-இல் 'பத்து லட்சம் ஏக்கர் திட்டம்' வந்தது. கேட்பதற்கு நிலச் சீர்திருத்தம் மாதிரி இருக்கிறது இல்லையா? நடந்தது என்னவென்றால், வெள்ளைக்கார விவசாயிக்கு நல்ல விலை கொடுத்து நிலத்தை வாங்கினார்கள், அதற்கான பணத்தில் பெரும்பகுதி பிரிட்டன், உலக வங்கி கொடுத்த கடன், அந்தக் கடனைத் தவணை தவணையாகக் கட்ட வேண்டியவர் நிலம் பெற்ற ஆப்பிரிக்கக் குடும்பத்தார். தாத்தாவிடமிருந்து பிடுங்கிய நிலத்தைப் பேரன் வட்டிக்குப் பணம் வாங்கி விலைக்கு வாங்கினான். புது நாடு கடனோடு பிறந்தது.

இனி மற்ற பாதி. அதற்குப் பிறகு நல்ல நிலங்கள் யார் கைக்குப் போயின? முதல் அதிபர் ஜோமோ கென்யாட்டாவின் குடும்பம் இன்று நாட்டின் மிகப் பெரிய நில உடைமைக் குடும்பங்களில் ஒன்று. அரசு நிலங்களை ஆட்சிக்கு வேண்டியவர்கள் எப்படி வளைத்தார்கள் என்பதை 2004-இல் இந்துங்கு ஆணையத்தின் அறிக்கை பக்கம் பக்கமாகச் சொன்னது. கென்யாட்டா குடும்பத்துக்கு வெளிநாட்டில் ரகசிய நிறுவனங்கள் இருந்ததை 2021-இல் கசிந்த பாண்டோரா ஆவணங்கள் காட்டின. கென்யாவைப் பத்துக் கோடீஸ்வரர்களும் ஒரு கோடிப் பிச்சைக்காரர்களும் உள்ள நாடாக ஆக்காதீர்கள் என்ற பொருளில் பேசிய எம்.பி. ஜே.எம். கரியுகி 1975-இல் கொலையானார். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து நடந்த மாவ் மாவ் ஆயுதப் போராட்டத்தின் போராளியாக பிரிட்டிஷ் முகாம்களில் அடைபட்டிருந்தவர் அவர். அங்கே உயிர் தப்பியவர் சொந்த நாட்டு ஆட்சியில் தப்பவில்லை.

ஆகவே "எல்லாம் வெள்ளைக்காரன் சதி" என்பதும் தவறு, "எல்லாம் ஊழல்தான், காலனியம் பழங்கதை" என்பதும் தவறு. முன்னவர் கட்டிய கருவியைப் பின்னவர் விரும்பி எடுத்துக்கொண்டார். ஒருவரைச் சொல்லி இன்னொருவரைத் தப்பிக்க விடக் கூடாது.

பிரிட்டன் நஷ்டஈடு எதுவும் கொடுத்ததா?

2013-இல் கொடுத்தது. மாவ் மாவ் காலத்தில் சித்திரவதைப்பட்டவர்கள் லண்டனில் வழக்குப் போட்டு, 5,228 பேருக்காக மொத்தம் 1.99 கோடி பவுண்டுக்குச் சமரசம் ஆனது. வருத்தம் தெரிவித்தார்கள், சட்டப் பொறுப்பை ஏற்கவில்லை. 2023-இல் மன்னர் சார்லஸ் நைரோபிக்குப் போனபோதும் வன்முறைக்கு நியாயமே கிடையாது என்று கண்டித்தார், மன்னிப்பு என்ற சொல்லைத் தொடவில்லை. கெரிச்சோ தேயிலைத் தோட்டங்களுக்காக விரட்டப்பட்ட கிப்சிகிஸ், தலாய் மக்களின் வழக்கு இன்னும் முடியவில்லை.

இவ்வளவு கடன் எப்படி வந்தது?

பல வழிகளில். கண்ணுக்குத் தெரிவது மொம்பாசா–நைரோபி ரயில். 2017-இல் ஓடத் தொடங்கியது. முதல் கட்டத்துக்குச் சீனாவின் எக்ஸிம் வங்கியிடம் சுமார் 320 கோடி டாலர் கடன். ஒப்பந்தத்தை மக்கள் பார்க்கவே முடியவில்லை, 2022-இல்தான் சில பக்கங்களாவது வெளியே வந்தன. 1901-இல் பிரிட்டிஷார் முடித்த பழைய பாதைக்குப் பக்கத்திலேயே பெரும்பாலும் இந்தப் புதுப் பாதையும் ஓடுகிறது.

கண்ணுக்குத் தெரியாதது கடன் பத்திரங்கள். 2014-இல் உலகச் சந்தையில் வாங்கிய 200 கோடி டாலருக்கு 2024 ஜூனில் கெடு. கையில் பணம் இல்லை. அதனால் பிப்ரவரியில் இன்னொரு 150 கோடி டாலர் வாங்கினார்கள், வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கும் மேல் அடக்க வட்டியில், அதுவும் டாலரில். கடனை அடைக்கக் கடன். நம் ஊர் மீட்டர் வட்டிக்காரர் செய்கிற வேலையைக் கோட்டு சூட்டுப் போட்டுச் செய்தால் அதற்குப் பெயர் சர்வதேச மூலதனச் சந்தை. 100 ஷில்லிங் வரி வசூலித்தால் 61 ஷில்லிங் கடனுக்குப் போகிறது என்று ரூட்டோவே போராட்டத்துக்குப் பிறகு டிவி பேட்டியில் சொன்னார். தன்னை நியாயப்படுத்தத்தான் சொன்னார். கேட்ட இளைஞர்களுக்கு அது வேறு மாதிரி விழுந்தது: அப்படியென்றால் எங்கள் ரொட்டி வரி எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வரப்போவதே இல்லையா?

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கென்யாவின் மொத்தக் கடனில் பாதிக்கு மேல் உள்நாட்டிலேயே, அங்குள்ள வங்கிகளிடமும் ஓய்வூதிய நிதிகளிடமும் வாங்கியது. அதனால் வெளிநாட்டுக் கடனைத் தள்ளுபடி செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பதாகைகளில் ஐ.எம்.எஃப். பெயர் ஏன்?

கென்யா அப்போது ஐ.எம்.எஃப். என்கிற சர்வதேச நாணய நிதியத்தின் சுமார் 360 கோடி டாலர் கடன் திட்டத்தில் இருந்தது. தவணை வர வேண்டுமென்றால் வரி வருவாயைக் கூட்டிக் காட்ட வேண்டும். எந்தப் பொருளுக்கு வரி போடுவது என்பதை ஐ.எம்.எஃப். எழுதிக் கொடுக்கவில்லை, அது உண்மை. ஆனால் எவ்வளவு திரட்ட வேண்டும் என்ற அளவுகோல் வாஷிங்டனில் பேசி முடிந்த பிறகு, நைரோபி நாடாளுமன்றத்தில் விவாதிக்க மிஞ்சுவது கொஞ்சம்தான். ஐ.எம்.எஃப்.பில் ஓட்டு நாட்டுக்கு ஒன்று இல்லை, பங்குத் தொகைக்கு ஏற்ப. ஆப்பிரிக்க நாடுகள் எல்லாவற்றையும் கூட்டினாலும் தனி அமெரிக்காவின் ஓட்டை எட்டாது.

ரூட்டோவை ஏன் 'ஸகாயோ' என்று கூப்பிடுகிறார்கள்?

பைபிளில் வரும் சகேயுதான். வரி வசூல்காரர், குள்ளமானவர், இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறி உட்கார்ந்தவர். "ஸகாயோ ஷுகா" என்றால் "சகேயு, இறங்கி வா". ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சில் மைக் பிடிக்கிற அதிபருக்கு இதைவிடப் பொருத்தமாகப் பெயர் வைக்க முடியாது. 2022 தேர்தலில் தள்ளுவண்டியைக் கட்சிச் சின்னமாகக் காட்டி, நானும் உங்களைப் போல அன்றாடம் உழைத்துப் பிழைத்தவன்தான் என்று ஓட்டுக் கேட்டவர் அவர்.

தலைவரே இல்லாமல் எப்படி இத்தனை பேர் திரண்டார்கள்?

தலைவர் வேண்டாம் என்பதே அவர்கள் முடிவு. கென்யாவில் தலைவர் என்றால் இனம், இனம் என்றால் ஓட்டு வங்கி, கடைசியில் தலைவர் அமைச்சராகிவிடுவார். அதைப் பார்த்து அலுத்தவர்கள் "கட்சி இல்லை, இனம் இல்லை, தலைவர் இல்லை" என்று இறங்கினார்கள். நாட்டில் முக்கால்வாசிப் பேர் 35 வயதுக்குக் கீழ், அதையும் நினைவில் வையுங்கள்.

மசோதாவை டிக்டாக்கில் தாய்மொழிகளில் விளக்கினார்கள். மசோதா பற்றிக் கேள்வி கேட்டால் பதில் சொல்லும் ஏஐ கருவி ஒன்றைச் செய்து விட்டார்கள். எம்.பி.க்களின் போன் நம்பர்களைப் பரப்பி, "ஒரு வணக்கம் சொல்லிவிடுங்கள்" என்றார்கள். அவ்வளவுதான், எம்.பி.க்களின் போன் ஓயவில்லை. காயம்பட்டவர்களின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு, வரி போடப் பார்த்த அதே எம்-பெசா வழியாகவே பணம் கொட்டியது. 2010 அரசியல் சட்டத்தின் 37-ஆவது பிரிவை, கூடவும் ஊர்வலம் போகவும் உரிமை தரும் பிரிவை, மனப்பாடமாகச் சொல்லும் பையன்களைப் போலீஸ் 1950-இல் எழுதிய பொது ஒழுங்குச் சட்டத்தை வைத்துக்கொண்டு கலைத்தது. அது மாவ் மாவ் போருக்கு இரண்டு வருஷம் முந்திய சட்டம்.

எத்தனை பேர் இறந்தார்கள்?

2024 ஜூன், ஜூலை போராட்டங்களில் குறைந்தது 60 பேர் என்பது நாட்டின் மனித உரிமை ஆணையக் கணக்கு. அப்புறம் ஆட்கடத்தல்கள். நம்பர் பிளேட் சரியில்லாத காரில் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். ரூட்டோவைக் கேலிச்சித்திரம் வரைந்த இளைஞரைக்கூட விடவில்லை, சுமார் இரண்டு வாரம் கழித்துத்தான் வீடு வந்தார். 2025 ஜூனில் ஆல்பர்ட் ஓஜ்வாங் என்ற ஆசிரியர், சமூக ஊடகத்தில் எழுதியதற்காகக் கைதாகி, போலீஸ் காவலில் இறந்தார். தலையைச் சுவரில் மோதிக்கொண்டார் என்றது போலீஸ், பிரேதப் பரிசோதனை அது அடித்துக் கொன்றது என்றது. இந்த வசனம் நமக்குப் புதிதல்ல. சாத்தான்குளம் நடந்த மாநிலத்தில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறோம். அதே வருஷம் ஜூலை 7 போராட்டத்தில் மட்டும் 30 பேருக்கு மேல் இறந்தார்கள்.

இந்தியர்களுக்கு இதில் சம்பந்தம் உண்டா?

உண்டு, நல்லதும் கெட்டதும். பிரிட்டிஷார் ரயில் பாதை போட சுமார் 32,000 இந்தியத் தொழிலாளிகளைக் கொண்டுபோனார்கள், பெரும்பாலும் பஞ்சாபிகள். ஏறத்தாழ 2,500 பேர் அங்கேயே இறந்தார்கள். பின்னால் போன வணிகர்கள் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் நடுப் படியில் நின்றார்கள். அந்தப் படியின் கசப்பு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் ஹாரி துகுவுக்கு உதவியவர் மணிலால் தேசாய் என்ற இந்தியர். 1950-இலேயே முழு விடுதலை வேண்டும் என்று மேடையில் கேட்ட தொழிற்சங்கத் தலைவர் மக்கன் சிங் 11 வருஷம் காவலில் கிடந்தார். கோவா வம்சாவளியான பியோ காமா பிண்டோ சுதந்திர கென்யாவில் 1965-இல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

சமீபத்தில் என்றால் அதானி. நைரோபி விமான நிலையத்தை 30 வருஷத்துக்கு அதானி குழுமத்துக்கு விடும் 185 கோடி டாலர் திட்டம் 2024 ஜூலையில் வெளியே கசிந்தது, பிரான்சில் படித்துக்கொண்டிருந்த கென்ய மாணவர் ஒருவர் ஆவணங்களை இணையத்தில் போட்டதால். செப்டம்பரில் விமான நிலைய ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அமெரிக்காவில் கௌதம் அதானி மீது லஞ்சக் குற்றச்சாட்டு பதிவானதும் நவம்பரில் ரூட்டோ திட்டத்தை ரத்து செய்தார். குற்றச்சாட்டை அதானி தரப்பு மறுத்தது.

மற்ற ஆப்பிரிக்க நாடுகளில்?

ஒவ்வொன்றும் தனிக் கதை. நைஜீரியாவில் 2024 ஆகஸ்ட் போராட்டத்துக்காகச் சிறுவர்கள்மீது தேசத்துரோக வழக்குப் போட்டு, அவர்களில் சிலர் நீதிமன்றத்திலேயே மயங்கி விழுந்தார்கள். மடகாஸ்கரில் 2025-இல் தண்ணீர், கரன்ட் இல்லை என்று தொடங்கியது, ராணுவம் ஆட்சியைப் பிடித்ததில் முடிந்தது. செனகல் கொஞ்சம் வேறு. சிறையிலிருந்து வந்த பத்தாம் நாள் பஸ்ஸிரு ஜோமாய் ஃபாய் தேர்தலில் ஜெயித்து, 44 வயதில் அதிபரானார். பிரான்சின் பிடியில் பிறந்த, இன்றும் யூரோவோடு கட்டிவைத்த சிஎஃப்ஏ பிராங்க் நாணயத்தை விட்டு வெளியேறுவோம் என்பது அவர் கட்சியின் பேச்சு. பதவிக்கு வந்து பார்த்தால் முந்தைய ஆட்சி மறைத்துவைத்த கடன் மலையாக இருந்தது. இன்றைய இளைஞர் ஆட்சியும் அதே ஐ.எம்.எஃப். வாசலில் நிற்கிறது.

அவர்கள் கேட்பதுதான் என்ன?

கடனைத் தணிக்கை செய்யுங்கள், யார் வாங்கினார், எங்கே போனது என்று காட்டுங்கள் என்பது முதலாவது. சுட்ட போலீஸ்காரர்களை வழக்கில் நிறுத்துங்கள். பன்னாட்டு நிறுவனங்கள் லாபத்தை வரியில்லா ஊர்களுக்குக் கடத்துவதை நிறுத்தினால் ரொட்டிக்கு வரி தேவையில்லை என்ற வாதமும் உண்டு. இது வெறும் கோஷம் இல்லை. பணக்கார நாடுகளின் மன்றத்தில் எழுதிய சர்வதேச வரி விதிகளை ஐ.நா.வுக்குக் கொண்டுவர வேண்டும் என்று ஆப்பிரிக்க நாடுகள் கொண்டுவந்த தீர்மானம் 2023 நவம்பரில் 125-க்கு 48 என்று நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்தவர்களில் பிரிட்டனும் அமெரிக்காவும் உண்டு.

கடைசியில் ஜெயித்தார்களா?

மசோதா போனது. அதே வரிகளில் சில டிசம்பரில் வேறு சட்டத்தின் பெயரில் திரும்ப வந்தன. கலைத்த அமைச்சர்களில் பலர் மறுபடி அமைச்சர்கள். எதிர்க்கட்சித் தலைவர் ரைலா ஒடிங்கா தன் ஆட்களை அந்த அமைச்சரவைக்கே அனுப்பினார், இளைஞர்கள் பயந்த மாதிரியே. (அவர் 2025 அக்டோபரில் கேரளாவில் ஆயுர்வேத சிகிச்சைக்கு வந்த இடத்தில் காலமானார்.) மறுபக்கம், 2025 நிதி மசோதாவில் பெரிய புது வரிகளைப் போட அரசு துணியவில்லை. அந்த மசோதாவுக்கு ஆட்சேபம் தெரிவித்து மின்னஞ்சல் அனுப்ப ஒரு இணையதளம் செய்த பெண் மென்பொருள் பொறியாளரைக் கைது செய்தார்கள், நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது.

அடுத்த தேர்தல் 2027 ஆகஸ்டில். 2022-இல் வாக்காளர் பட்டியலில் 18 முதல் 34 வயதுக்காரர்கள் 40 சதவீதத்துக்கும் சற்றுக் கீழ், 2017-ஐவிடக் குறைவு. இவன் வந்தால் என்ன, அவன் வந்தால் என்ன என்று பெயர் சேர்க்காமலே விட்டவர்கள் ஏராளம். 2025 செப்டம்பர் கடைசியில் தேர்தல் ஆணையம் பதிவை மறுபடி திறந்தது. அதில் எத்தனை பேர் பெயர் சேர்க்கிறார்கள் என்பதைத்தான் நான் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன்.